பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை: அப்பாவின் மூளையில் எது போயிற்று, எது இருக்கிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. ‘இடது நடுப் பெருமூளைத் தமனியில் அடைப்பு’ என்று ஸ்கேன் ரிப்போர்ட் சொல்கிறது. வலது கால் ஓரளவு தேறி, பிடித்துக்கொண்டு நடக்கிறார். வலது கை அப்படியே கிடக்கிறது. பேச்சுதான் பெரிய துயரம். எதைக் கேட்டாலும் ‘அதுதான், அதுதான்’ என்கிறார். ஆனால் பழைய பாட்டுகளை வரி விடாமல் பாடுகிறார். வாழ்நாளில் தகாத வார்த்தை பேசாதவர், கோபம் வந்தால் தெளிவாகத் திட்டுகிறார். திடீரென்று அழுகிறார். தட்டின் வலது பக்கம் இருக்கும் உணவைத் தொடுவதே இல்லை. “பாட முடிகிறவருக்குப் பேச முடியாதா? எல்லாம் பிடிவாதம்” என்கிறான் தம்பி. மூளையில் 90 சதவீதம் தூங்குவதாகவும், அதை எழுப்ப ஒரு மருந்துப் பொடி இருப்பதாகவும் ஒரு உறவினர் சொல்கிறார். வீட்டை விற்பது பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அப்பாவிடம் கேட்டுப் பயனில்லை என்கிறார்கள். மூளையின் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது? அப்பாவிடம் எது போயிற்று, எது மிச்சம்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தம்பியின் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். அந்தச் சொல் உங்கள் அப்பாவின் காதில் விழுந்துகொண்டிருக்கும், அவருக்குப் புரியவும் செய்யும். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, நடிக்கவும் இல்லை. பாடுவதும் பேசுவதும் ஒரே வாயால்தான் என்றாலும், மூளையில் அவை ஒரே இடத்தில் நடப்பதில்லை. அவரை நேரில் பார்க்காமல் நான் முடிவாக எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு அறிகுறியும் அந்த ரிப்போர்ட்டின் ஒற்றை வரியோடு பொருந்திப்போகிறது.

மூளையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் வழக்கமாகப் படத்தைக் காட்டுவதற்கு முன் இரத்தக் குழாய்களைப் பற்றித்தான் சொல்வேன். வாய்க்கால் அடைத்தால் அது பாய்கிற வயல்தான் காயும், பக்கத்து வயல் பச்சையாகவே இருக்கும். பக்கவாதமும் அப்படித்தான். எந்தத் தமனி அடைத்தது என்று தெரிந்தால், எது போயிருக்கும் எது தப்பியிருக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மூளைக்கு இரத்தம் நான்கு பெரிய குழாய்கள் வழியே ஏறுகிறது. கழுத்தின் முன்புறம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டிப் பின்புறம் இரண்டு. பின்னால் ஏறும் இரண்டும் மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் பெருமூளையின் பின்பகுதிக்கும் போகின்றன. உங்கள் அப்பாவுக்கு அடைத்தது முன்னால் ஏறும் இடது குழாயின் கிளை. அதனால் பின்பக்கத்து வட்டாரம் முழுவதும் பாதிப்பிலிருந்து தப்பியிருக்க வேண்டும்.

அந்த வட்டாரத்தில் என்ன இருக்கிறது? மூளைத்தண்டு, மூளையைத் தண்டுவடத்தோடு சேர்க்கும் பகுதி. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். மூச்சு, இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், விழித்திருப்பது, விழுங்குவது எல்லாவற்றுக்கும் அடிப்படை அங்கே இருக்கிறது. 12 ஜோடிக் கபால நரம்புகளில் 10 ஜோடி அதிலிருந்துதான் கிளம்புகின்றன. அதற்குப் பின்னால், பிடரிக்கு நேர் உள்ளே, சிறுமூளை. உடலின் சமநிலையையும், அசைவுகள் தடுமாறாமல் ஒன்றோடொன்று இசைந்து போவதையும் அது பார்த்துக்கொள்கிறது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பங்கு இந்தச் சிறுமூளைக்குள்தான். அப்பா பிடித்துக்கொண்டாவது நடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுமூளை நன்றாக இருப்பது அந்த நடைக்குப் பெரிய பலம்.

இனி, அடைத்த குழாய் பாயும் இடம். பெருமூளை இரண்டு அரைக்கோளங்கள். ஒவ்வொன்றையும் நான்கு மடல்களாகப் பிரிப்பது வழக்கம்: நெற்றிக்குப் பின்னால் முன்மடல், உச்சந்தலைக்குக் கீழே உச்சிமடல், காதுக்கு மேலே பொட்டுமடல், பின்னந்தலையில் பிடரிமடல். நடுப் பெருமூளைத் தமனி முதல் மூன்று மடல்களின் வெளிப்பக்கத்தின் பெரும்பகுதிக்கு இரத்தம் தருகிறது. அதனால்தான் அது அடைத்தால் இவ்வளவு சேதம்.

முன்மடலின் பின் விளிம்பில், ஒரு காதிலிருந்து உச்சி வரை போகும் பட்டை போல ஒரு பகுதி இருக்கிறது. உடலை அசைக்கும் கட்டளை அங்கிருந்துதான் புறப்படுகிறது. அந்த நரம்பிழைகள் மூளைத்தண்டின் அடியில் பக்கம் மாறிக்கொள்வதால் இடது மூளை வலது உடலை இயக்குகிறது. 1930களில் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகளுக்கு விழித்திருக்கும்போதே அறுவை செய்தபோது, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு இந்தப் பட்டைக்கு ஒரு வரைபடமே தயாரித்தார். அதில் கைக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் மிகப் பெரிய இடம். முதுகு முழுவதற்கும் கொஞ்ச இடம்தான். நுணுக்கமான வேலை எந்த உறுப்புக்கு அதிகமோ அதற்கு இடமும் அதிகம்.

கால் தேறியது, கை தேறவில்லை என்று நீங்கள் எழுதியதற்கு விடை இந்த வரைபடத்தில் இருக்கிறது. கைக்கும் முகத்துக்குமான இடம் வெளிப்பக்கத்தில், அடைபட்ட குழாயின் எல்லைக்குள் வருகிறது. காலுக்கான இடம் அப்படியே மடங்கி, இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவிலுள்ள பிளவுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே இரத்தம் தருவது முன் பெருமூளைத் தமனி. அது அடைக்கவில்லை. பயிற்சியில் அவர் கையை மட்டும் அலட்சியம் செய்வதாக யாராவது குறை சொன்னால் இதைச் சொல்லுங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்து அவரைத் தூக்கவே வேண்டாம். பலமிழந்த தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும். உட்காரும்போது ஒரு தலையணைமேல் தாங்கலாக வைத்திருங்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம்.

1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். பல வருடங்களாக அவரால் சொல்ல முடிந்தது ‘டான்’ என்ற ஓர் ஒலி மட்டும்தான். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’. மருத்துவமனையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஆனால் மற்றவர்கள் சொல்வது அவருக்குப் பெருமளவு புரிந்தது. சைகையாலும் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் தன் எண்ணத்தைத் தெரிவிக்கப் பார்ப்பார். தன் சைகை மற்றவர்களுக்குப் புரியாதபோது கோபம் பொங்கி, ஒரு வசவு மட்டும் முழுதாக வெளியே வரும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் அவர்தான். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்த புரோக்கா, இடது முன்மடலின் கீழ்ப்பகுதியில் சேதம் இருப்பதைக் கண்டார். அந்த இடத்தை இன்றும் அவர் பெயரால் புரோக்கா பகுதி என்கிறோம்.

அதன்பின் 1874-இல் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையை விவரித்தார். இடது பொட்டுமடலின் பின்பகுதியில் சேதம் ஏற்பட்டவர்கள் தங்குதடையின்றிப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் அவர்களுக்குச் சரியாகப் புரியாது. உங்கள் அப்பாவின் நிலை இதைவிட முதல் வகைக்கே நெருக்கமாகத் தெரிகிறது. இரண்டுக்கும் சேர்த்து அஃபேசியா என்று பெயர். வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் மொழியின் முக்கியப் பொறுப்பு இடது அரைக்கோளத்தில் இருப்பதால்தான், வலது பக்கம் விழுந்த பக்கவாதத்தோடு பேச்சும் போகிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘இந்தப் பகுதி பேச்சு, அந்தப் பகுதி பார்வை’ என்று பள்ளிப் படத்தில் வண்ணம் தீட்டியிருப்பது பாதி உண்மைதான். லெபோர்னின் மூளையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சேதம் புரோக்கா குறித்த மேற்பரப்போடு நிற்கவில்லை. ஆழத்தில், பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் வரை போயிருந்தது. பேச்சு என்பது பல இடங்கள் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு நல்ல விளைவும் இதனால் உண்டு. ஒரு வேலை பல இடங்களில் பரவியிருந்தால், ஓர் இடம் போன பிறகும் மீதி இடங்களைக் கொண்டு கொஞ்சமாவது மீட்க முடிகிறது.

பாட்டு தப்பியது இதனால்தான். ராகமும் தாளமும் பெருமளவு வலது அரைக்கோளத்தின் துணையோடு நடப்பவை. தவிர, நூற்றுக்கணக்கான முறை சொல்லிப் பழகிய பாட்டு வரி, ஒன்று இரண்டு மூன்று, கிழமைப் பெயர்கள், பிரார்த்தனை, வசவு இவையெல்லாம் ஒரே சரமாகக் கோத்து வைக்கப்பட்டவை. சொல்லைத் தேடி, வாக்கியமாக அடுக்கி, வாய்க்கு அனுப்பும் வேலை இவற்றுக்குத் தேவையில்லை. ‘எனக்கு முதுகு வலிக்கிறது’ என்று சொல்ல அந்த வேலை தேவை. உங்கள் அப்பாவிடம் உடைந்திருப்பது அதுதான். அவர் திட்டும்போது வெட்கப்படாதீர்கள், கண்டிக்காதீர்கள். வேறு எந்தச் சொல்லும் வெளியே வராதபோது கோபத்தின் பாதையில் தப்பி வந்த ஒரே சொல் அது.

இதை வைத்துச் சிகிச்சையே செய்கிறார்கள். தேவையான ஒரு சிறு வாக்கியத்தை, ‘தண்ணீர் வேண்டும்’ போன்ற ஒன்றை, எளிய ராகத்தில் ஏற்றி, ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே சேர்ந்து பாடவைப்பார்கள். பிறகு மெல்ல மெல்ல ராகத்தைக் குறைத்துப் பேச்சாக்குவார்கள். எல்லோருக்கும் பலன் ஒரே அளவில் இருக்காது. ஆனால் பேச்சு நின்று பாட்டு மட்டும் தங்கியிருக்கும் ஒருவருக்கு நிச்சயம் முயன்று பார்க்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரிடம் நீங்களே இதைக் கேளுங்கள்.

அவர் எவ்வளவு புரிந்துகொள்கிறார் என்பதிலும் கவனம் வேண்டும். இவ்வகை அஃபேசியாவில் அன்றாடப் பேச்சு நன்றாகப் புரியும். ஆனால் நீளமான, சுற்றி வளைத்த வாக்கியங்கள் நழுவிவிடும். எனவே ஒரு நேரத்தில் ஒரே செய்தி. ஒருவர் மட்டும் பேசட்டும், டிவியை நிறுத்துங்கள், கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள். உரக்கக் கத்த வேண்டாம், காதில் குறையில்லை. குழந்தையிடம் பேசுவது போலவும் பேச வேண்டாம். ‘பேச வராவிட்டால் எழுதிக் காட்டட்டும்’ என்று பேனாவைக் கையில் திணிப்பவர்களையும் தடுங்கள். அடிபட்டது நாக்கு அல்ல, மொழி. எழுத்தும் பெரும்பாலும் சேர்ந்தே அடிபட்டிருக்கும். அவருடைய ‘அதுதான்’ எப்போதும் ஒரே குரலில் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். குரலின் ஏற்ற இறக்கத்தில் கேள்வி, மறுப்பு, சலிப்பு, சந்தோஷம் எல்லாம் பிரிந்து தெரியும். பழகினால் அதில் பாதி உரையாடலை நடத்திவிடலாம்.

தட்டின் வலது பக்கம் மிஞ்சுவது கண் கோளாறு அல்ல என்று நினைக்கிறேன். பார்வையைப் படித்தறியும் இடம் பிடரிமடல். ஆனால் கண்ணிலிருந்து அங்கே போகும் நரம்பிழைகள் உச்சிமடலுக்கும் பொட்டுமடலுக்கும் அடியில் பயணம் செய்கின்றன. இடது பக்கம் அந்த வழியில் சேதமானால், இரண்டு கண்களாலும் வலது பாதிக் காட்சி தெரியாமல் போகும். தெரியாமல் இருப்பதே அவருக்குத் தெரியாது. கண் மருத்துவரிடம் பார்வைப் பரப்புச் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதுவரை தண்ணீர், அழைப்பு மணி போன்ற முக்கியமானவற்றை இடது பக்கம் வையுங்கள். சாப்பிடும்போது தலையை வலப்பக்கம் திருப்பிப் பார்க்கப் பழக்குங்கள். தனியாக நடக்கும்போது வலது பக்கக் கதவு, மேசை முனை எல்லாம் ஆபத்து.

அப்பா உங்களையெல்லாம் அடையாளம் காண்கிறாரா, நேற்று வந்தவரை நினைவு வைத்திருக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இருக்கும். புதிய நினைவுகளைப் பதிவு செய்வது பொட்டுமடலின் உட்பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஹிப்போகாம்பஸ். 1953-இல் வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்பவருக்கு இரு பக்கத்திலும் அந்தப் பகுதியை அகற்றினார்கள். 2008-இல் அவர் இறக்கும்வரை, சற்று முன் சந்தித்தவரைக்கூட அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் பேச்சும் அறிவும் நன்றாகவே இருந்தன. உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதற்கு நேரெதிர். ஹிப்போகாம்பஸுக்கு இரத்தம் பெரும்பாலும் பின்பக்கத் தமனியிலிருந்து வருகிறது. அதே இடத்துக்கு அருகே பயத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய அமிக்டாலா, நடுவில் புலன் செய்திகளை மேலே அனுப்பும் தலாமஸ், அதன் கீழே பசி, தாகம், உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ். இவை எல்லாம் ஆழத்தில் இருப்பவை.

அழுகையைப் பற்றி. இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அழுகை, சிரிப்பு போன்ற வெளிப்பாடுகளுக்கு மூளையின் மேல்பகுதி ஒரு கட்டுப்பாடு போடுகிறது. அது தளர்ந்தால் சின்னத் தூண்டுதலுக்கே அழுகை பீறிடும், சட்டென்று நிற்கவும் செய்யும். உள்ளே அவ்வளவு துக்கம் இருக்காது. பேச்சை மாற்றினால் அடங்கிவிடும். இன்னொன்று உண்மையான மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. தூக்கம், பசி குறைந்து, பயிற்சியிலும் பாட்டிலும்கூட விருப்பம் போனால் அதைச் சந்தேகிக்க வேண்டும். வாயால் சொல்ல முடியாதவர் என்பதால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்குமே மருந்து உண்டு; அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கட்டாயம் சொல்லுங்கள்.

90 சதவீதம் தூங்குகிறது என்பது பொய். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. தூங்குகிற உறுப்புக்கு அவ்வளவு தேவைப்படாது. சும்மா கிடக்கும் பகுதி என்று ஒன்று இருந்திருந்தால் உங்கள் அப்பாவின் அடைப்பு இவ்வளவு துன்பம் தந்திருக்காது. அந்தப் பொடியை வாங்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க அவர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், என்ன இருக்கிறதென்றே தெரியாத பொடி அதோடு மோதி இரத்தக்கசிவில்கூடக் கொண்டுபோய் விடலாம்.

மீட்சி எங்கிருந்து வரும்? இறந்த நரம்பணுக்கள் திரும்பி வராது. ஆனால் முதல் வாரங்களில் வீக்கம் வடிந்து, செயலிழந்து கிடந்த விளிம்புப் பகுதிகள் மீள்கின்றன. அப்புறம் அக்கம்பக்கத்து இடங்களும் எதிர் அரைக்கோளமும் பயிற்சியால் புதிய தொடர்புகளை உருவாக்கிக்கொள்கின்றன. வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் என்பது உண்மை. அதற்குப் பிறகு கதவு மூடிவிடும் என்பது உண்மையல்ல. மொழியில் வருடங்கள் கழித்தும் முன்னேறியவர்களைப் பார்க்கிறோம். நான்கு மாதம் ஆகிவிட்டது என்று பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மருந்துகளை ஒரு நாளும் விட வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். முகம் கோணுவது, இன்னொரு கை அல்லது கால் தளர்வது, பார்வை மங்குவது, திடீர்த் தள்ளாட்டம் எதுவானாலும் நொடியும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அடைத்திருக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி இருமினால் அதையும் உடனே சொல்லுங்கள். விழுங்குவதில் கோளாறு இருந்தால் நுரையீரலில் தொற்று வரும்.

கடைசியாக வீடு. அப்பாவிடம் கேளுங்கள். பேச முடியாதவர் முடிவெடுக்க முடியாதவர் என்று நினைப்பதுதான் இந்த நோயில் குடும்பங்கள் செய்யும் மிகப் பெரிய அநியாயம். ஒரு நாள் காலையில், அவர் களைப்பில்லாமல் இருக்கும்போது உட்காருங்கள். வீட்டின் படத்தை வையுங்கள். ‘விற்கலாம்’, ‘வேண்டாம்’ என்று பெரிதாக இரண்டு அட்டைகள் எழுதி, ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டுங்கள். அஃபேசியாவில் ஆம் என்று நினைத்து இல்லை என்று தலையசைப்பது சாதாரணம், அதனால் ஒரு பதிலை நம்பாதீர்கள். சற்று நேரம் கழித்து அட்டைகளை இடம் மாற்றி, கேள்வியைத் தலைகீழாகக் கேளுங்கள்: “வீடு நம்மிடமே இருக்கட்டுமா?” மறுநாளும் ஒரு முறை. இரண்டு அட்டைகளையும் அவருக்கு நன்றாகத் தெரியும் இடது பக்கமே, மேலும் கீழுமாக வையுங்கள். பதில்கள் ஒத்துப்போனால் அது அவர் எடுத்த முடிவு, தம்பிக்கும் உங்களுக்கும் பிடிக்காவிட்டாலும் கூட. மாறி மாறி வந்தால், எந்தத் தாளிலும் கைரேகை வாங்குவதற்கு முன், முடிவெடுக்கும் திறனை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து மதிப்பிட்டு எழுத்தில் தரும்படி கேளுங்கள்.